ஏழாம் எண் காரபினர்

நவம்பர் 2, வியாழன்

சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கையிலேயே கொடுத்திருக்கலாம், நான் இருப்பது அடுத்த தெரு. தபாலில் வந்தால்தான் கடிதம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த நோட்டை அதற்காகத்தான் இன்று தொடங்குகிறேன். பின்னால் யாராவது விசாரித்தால் தேதிவாரியாகப் பதில் இருக்க வேண்டும். பாறையையே பார்க்காதவனுக்கும் புரிகிற மாதிரி எழுதப்போகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற சீசனிலிருந்து எங்கள் பாறையேற்றச் சங்கத்தில் எல்லோரும் தானாகப் பூட்டிக்கொள்ளும் காரபினர்தான் பயன்படுத்த வேண்டுமாம். திருகிப் பூட்டும் பழைய வகை கூடாதாம். "உபகரணப் பொறுப்பாளர் திரு. சோலைமலை அவர்கள் தகுந்த வகையைத் தேர்வு செய்து ஜனவரிக் கூட்டத்தில் தெரிவிக்கவும்." சோலைமலை நான்தான். வயது அறுபத்தாறு.

காரபினர் என்பது உள்ளங்கை அளவுள்ள உலோக வளையம். அதற்கு ஒரு பக்கம் கதவு. கதவைத் தள்ளிக் கயிற்றை உள்ளே விட்டுக் கையை எடுத்தால் ஸ்பிரிங் மூடிவிடும். மூடுவது வேறு, பூட்டுவது வேறு. மூடிய கதவைக் கயிறே உரசித் திறந்துவிடும். அதனால் கதவின் மேல் மரை வைத்த ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதைத் திருகி முனைவரை ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு யானை இழுத்தாலும் திறக்காது. இருபத்தெட்டு வருடமாகத் திருகுகிறேன். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அகராதி வைத்துக்கொண்டு ஒரு வருடம் படித்தேன். காரபினர் என்ற சொல் என் அகராதியில் இல்லை. படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அந்தப் புத்தகத்தில் இல்லாத வழக்கம் ஒன்று என்னிடம் உண்டு. முழுக்க இறுக்கிய பிறகு ஒரு கால் சுற்று பின்னால் திருப்புவேன். அப்படிச் செய்யாவிட்டால் பாரம் ஏறி இறங்கியதும் மரை பிடித்துக்கொள்ளும். குறடு போட்டால்தான் கழலும். கால் சுற்றுக்கு மேல் போனால் விரலே சொல்லிவிடும். இது மில்லில் கற்றது. முப்பத்தொரு வருடம் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இல்லை என்று சூப்பர்வைசர் ஆக்கவில்லை. என்னிடம் வேலை கற்றவன் ஆனான்.

சங்கத்தைத் தொடங்கியது நானும் சவரிமுத்துவும். அவன் கல்குவாரியில் துளை போட்டவன். கல் அவனுக்குத் தெரியும், இரும்பு எனக்குத் தெரியும். ஏறுவதற்கு முன் அவன் என் வளையத்தின் கதவை அமுக்கிப் பார்ப்பான். திறக்காவிட்டால் "கல்லு" என்பான். நான் அவனுடையதை அமுக்கிப் பார்த்து "இரும்பு" என்பேன். பிறகுதான் பாறையில் கை வைப்போம்.

கடைசியாக அக்டோபர் 15ஆம் தேதி கோட்டான் பாறைக்குப் போனோம். விசேஷமாக ஒன்றும் இல்லை. சவரி ஏறினான், நான் கீழே கயிறு பிடித்தேன். ஏறுகிறவனின் கயிறு பிடிக்கிறவனின் இடுப்பு வளையத்தில்தான் ஓடும், அவன் விழுந்தால் இறுக்கி நிறுத்துவது பிடிக்கிறவனின் கை. அவன் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போன பிறகு கயிறு முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என் வளையத்தைத் திறந்து சரிசெய்து திரும்பப் பூட்டினேன். அரை நிமிட வேலை. அவன் உச்சியைத் தொட்டான், இறக்கினேன். தரைக்கு வந்ததும் என்னைக் கட்டிப்பிடிக்கிறவன் மாதிரி ஒட்டி நின்றான். அவன் கை என் இடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் இருந்தது. அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வயசாகிறது. டீக்கடையில் இரண்டாவது டீ வேண்டாம் என்றான்.

அதற்குப் பிறகு மழை. இப்போது கடிதம்.

நவம்பர் 3, வெள்ளி

மழை. சட்டைப் பொத்தானை என் மனைவி பவுனு போட்டுவிட்டாள். தையல்காரன் காஜாவைச் சின்னதாக வைத்துவிட்டான்.

நவம்பர் 5, ஞாயிறு

சங்க அறைக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறை. செயலாளர் யாஸ்மின் இருந்தார். கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை. நாற்பது வயதுக்குள் மூன்று சர்டிபிகேட் வைத்திருக்கிறார். குரலை உயர்த்தாமலே பேசுகிறவர். அதுதான் எனக்குக் கஷ்டம்.

"இந்த யோசனை யாரோடது?" என்று கேட்டேன்.

"கமிட்டி முடிவுங்கய்யா."

"கமிட்டி தானா யோசிக்காது. ஒரு வாய் சொன்னாத்தான் மத்த தலை ஆடும். அது யாரு வாய்?"

"யாரு சொன்னாங்கங்கிறது முக்கியமா அய்யா? நல்ல யோசனைதானே."

"அப்ப இருபத்தெட்டு வருசம் கெட்ட யோசனையில தொங்கிட்டு இருந்தோமா?"

அவர் மேசையில் ஐந்து மாதிரிகளை வரிசையாக வைத்தார். ஒன்று திருகுவது. மற்ற நாலும் தானாகப் பூட்டுபவை. "நீங்க எதைச் சொல்றீங்களோ அதைத்தான் வாங்குவோம். இதுல உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு இங்க யாருக்கும் தெரியாது," என்றார்.

உண்மையைத்தான் சொன்னார். ஆனாலும் தடவிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. ஐந்தையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துவந்தேன்.

நவம்பர் 8, புதன்

சோதனை தொடக்கம். சமையலறை மேடையில் பாதி எனக்கு, பாதி பவுனுக்கு என்று ஒப்பந்தம்.

முதல் தானியங்கி: குழாயைத் திருப்பித் தள்ளினால் திறக்கும். இரண்டு அசைவு. இரண்டாவது: மேலே தூக்கி, திருப்பி, தள்ள வேண்டும். மூன்று அசைவு. மூன்றாவதில் குண்டுமணி மாதிரி ஒரு பச்சைப் பொத்தான், அதை அமுக்கித் திருப்ப வேண்டும். நாலாவதில் இரண்டு பக்கமும் காந்தம். நாலும் கையை விட்டதும் தானாகப் பூட்டிக்கொள்கின்றன. 'டப்' என்று ஒரு சத்தம். எலிப்பொறிச் சத்தம்.

காந்தம் வைத்ததை ஓடை மணலில் போட்டு எடுத்தேன். கருப்பு மணல் முழுக்க ஒட்டிக்கொண்டது. எங்கள் பாறை அடிவாரமெல்லாம் அந்த மணல்தான். நீக்கம். இரண்டு அசைவு வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டி, கயிற்றை அதன்மேல் உரசி உரசி இழுத்தேன். நாற்பத்தோராவது இழுப்பில் குழாய் திரும்பிக் கதவு திறந்தது. நீக்கம். இதைக் கடையில் நிற்கிற எவன் சொல்வான்?

மற்ற இரண்டிலும் சேறு பூசினேன். ஸ்பிரிங் பாதி வழியில் நின்றது. திருகுகிற வளையத்தில் சேறு போனால் துடைத்துவிட்டுத் திருகலாம். குறைந்த பாகம் இருந்தால் குறைந்த பழுது. என் முடிவு எப்படிப் போகும் என்று இப்போதே தெரிகிறது.

"அந்தச் சேத்தை என் பக்கம் கொண்டாந்தா ஒப்பந்தம் ரத்து," என்றாள் பவுனு.

நவம்பர் 9, வியாழன்

பேனா வழுக்குகிறது. பென்சிலுக்கு மாறினேன். தடிமனான பென்சில், தச்சர்கள் வைத்திருப்பது. எழுத்து பெரிதாக விழுகிறது. படிக்க நல்லதுதான்.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

சவரி வந்தான். வருடா வருடம் வருவான். பவுனு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று சட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"கமிட்டியில நீயும் இருந்தேல்ல? கைய தூக்குனியா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் தூக்குனாங்க."

"எல்லாரையும் கேக்கல. உன்னைக் கேட்டேன்."

"முறுக்கு நல்லா இருக்கும்மா," என்று பவுனிடம் சொன்னான்.

அப்போது அவள் கத்தினாள். ஜல்லிக்கரண்டியின் கம்பியை நான் எண்ணெய்க்கு ஒட்டிப் பிடித்திருந்தேனாம். பார்த்தால் வலது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் வெளுத்துக் கொப்பளிக்கத் தொடங்கியிருந்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மில்லில் காய்ப்புக் காய்த்த கை அப்படித்தான், சூடு உள்ளே இறங்க நேரமாகும்.

பவுனு என் கையைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். சவரி முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டான். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுகர் மாத்திரை ஒழுங்கா போடறானாம்மா?"

"போட்டேன்னு சொல்லுவாரு. எண்ணிப் பாத்தா மாத்திரை குறையாது."

"நான் இங்கதான் இருக்கேன்," என்றேன் இரண்டு பேரிடமும்.

நவம்பர் 21, செவ்வாய்

கமிட்டிக்கு நாலு பக்கம் எழுதி முடித்தேன். தலைப்பு: திருகு பூட்டே சிறந்தது என்பதற்கான பதினொரு காரணங்கள். விரலில் கட்டு இருந்ததால் நேரம் பிடித்தது.

நவம்பர் 26, ஞாயிறு

கூட்டம். பதினொன்றையும் நின்றுகொண்டே படித்தேன். குறுக்கே யாரும் பேசவில்லை. முடித்ததும் யாஸ்மின், "எல்லாம் சரிதாங்கய்யா. ஆனா போன மாசம் ஒரு வளையம் திறந்து இருந்திருக்கு. மேல ஆள் இருக்கும்போது. கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் ஆகல," என்றார்.

"எந்த வளையம்? யாரோடது?"

அறையில் ஏழு பேர். சவரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தன் பூட்டாம விட்டா அவனைத்தான் நிறுத்தணும். வளையத்தை ஏன் மாத்தணும்? பேரை எழுதுங்க மினிட்ஸ்ல. நான் உபகரணப் பொறுப்பாளர், எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றேன்.

"எழுத வேணாம்," என்றான் சவரி. அன்று முழுக்க அவன் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.

நவம்பர் 27, திங்கள்

காலையில் பல் விளக்கும்போது விளங்கிவிட்டது. திறந்து கிடந்தது சவரியுடைய வளையம்தான். செருப்பைப் பார்த்தான், பேரை எழுத வேண்டாம் என்றான், தீபாவளியன்று பேச்சை மாற்றினான். பூட்டாமல் ஏறியிருக்கிறான். என்னிடம் சொல்ல வெட்கம்.

பாவமாக இருந்தது. அவன் ஏறுவதற்கு முன்னால் நான் அவனுடையதை அமுக்கினேனா என்று யோசித்துப் பார்த்தேன். அமுக்கினேன். "இரும்பு" என்றும் சொன்னேன். பிறகு எப்படியோ கழன்றிருக்கிறது.

டிசம்பர் 3, ஞாயிறு

சவரி வீட்டுக்குப் போனேன். ஏணியில் நின்று கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு ஒயர் கட்டிக்கொண்டிருந்தான்.

"உன்னோடதுதானா அது?"

"எது?"

"திறந்து கெடந்த வளையம்."

கையில் ஒயரோடு என்னையே பார்த்தான். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கூட்டத்துல உன் மூஞ்சியே சொல்லுச்சு."

நட்சத்திரம் காற்றில் சுற்றியது. அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, "ஆமாடா. என்னோடதுதான்," என்றான்.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

"சொன்னா நீ குதிப்பே."

"குதிக்க மாட்டேன். வயசானா ஆகுறதுதான். கண்ணு மங்குனா கண்ணாடி போடறோம்ல? அது மாதிரி உனக்குத் தானா பூட்டுறது ஒண்ணு பாத்துத் தர்றேன். மத்தவங்களுக்குத் திருகுறதே இருக்கட்டும்."

ஏணியை விட்டு இறங்கினான். சிரித்தான். சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னடா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. நீ ரொம்ப நல்லவன்டா சோலை."

காணும் பொங்கலுக்கு வழக்கம் போலக் கோட்டான் பாறை என்று பேசிக்கொண்டோம். இருபத்தெட்டு வருடமும் அந்த நாளில் அவன் கிழக்குச் சுவர் ஏறியிருக்கிறான், நான் கயிறு பிடித்திருக்கிறேன். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

டிசம்பர் 9, சனி

சவரிக்கு எது தோதுப்படும் என்று பார்க்கச் சோதனை. அவன் கயிறு பிடிக்கும்போது மேலே ஏறுகிறவனைப் பார்த்துக்கொண்டுதான் பூட்ட வேண்டியிருக்கும், அதனால் வளையத்தைப் பார்க்காமல் பூட்ட வேண்டும். ஒவ்வொரு வகையும் இருபது தடவை. பூட்டியது சரியா என்று நானே அமுக்கிப் பார்த்தால் பாரபட்சம் வரும். பவுனு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக அவளிடம் நீட்டினேன். அவள் அமுக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நீக்காமல் வைத்த தானியங்கி இரண்டும் இருபதுக்கு இருபது.

திருகு பூட்டில் நாலாவது தடவை, "இது தொறக்குது," என்றாள்.

"சரியா அமுக்கு."

"அமுக்குனாத்தானே தொறக்குது."

மொத்தம் இருபதில் ஆறு திறந்திருந்தன. மாதிரி வளையம் புதிது, மரை இன்னும் பழகவில்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

மில்லில் பழுது தேடும் முறை ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பாகத்தை மாற்றக் கூடாது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், குறித்து வை.

வளையத்தை மாற்றினேன். என் சொந்த ஏழாம் எண் வளையம், பத்து வருடமாக என் இடுப்பில் இருப்பது. இருபதில் ஒன்பது திறந்திருந்தன.

மரையைக் கழுவி எண்ணெய் விட்டேன். இருபதில் எட்டு.

கால் சுற்று பின்னால் திருப்புவதை நிறுத்திப் பார்த்தேன். இருபதில் ஐந்து. பாதி வழியிலேயே முழுக்க இறுகிவிட்டது என்று நிறுத்துகிறேன் போலிருக்கிறது. விரலில் கட்டு இல்லை, புண் ஆறிவிட்டது.

கடைசியாக இடது கையால் பூட்டினேன். நேரமாகியது. பவுனு காயை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொன்றையும் அமுக்கினாள். இருபதும் பூட்டியிருந்தன.

"இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 11, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

நேற்று எழுதியது பொய். இந்த நோட்டைத் தொடங்கியதே பொய்யில்லாமல் இருக்கத்தான், அதனால் திருத்துகிறேன்.

அக்டோபர் 15 அன்று கயிறு முறுக்கிக்கொண்டது என்று திறந்து திரும்பப் பூட்டினேன். இந்தக் கையால். யாரையும் அமுக்கிப் பார்க்கச் சொல்லவில்லை, சவரி அதற்குள் பாறையில் இருந்தான். அவன் மேலே அறுபதடி உயரத்தில் நின்றபோது அவன் கயிறு என் இடுப்பில் திறந்த வளையத்தில் இருந்தது. அவனை அதில்தான் இறக்கினேன்.

தரைக்கு வந்தவன் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. வளையத்தைத் திருகினான். எனக்குத் தெரியாமல் என் பூட்டைப் பூட்டிவிட்டுத்தான் டீ குடிக்க வந்தான்.

கமிட்டியில் யோசனை சொன்ன வாயும் அவனுடையதுதான். என்னை நிறுத்தச் சொல்லாமல் வளையத்தை மாற்றச் சொல்லியிருக்கிறான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் அந்த உரிமைகூடவா இல்லை? இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்று பவுனு கேட்டாள். அது வேறு விஷயம்.

டிசம்பர் 14, வியாழன்

டாக்டரிடம் போனோம். கண்ணை மூடச் சொல்லி விரல்களில் ஊசி நுனியால் தொட்டார். எந்த விரல் என்று நான் சொல்ல வேண்டும். வலது கையில் ஏழு தடவை தொட்டதில் மூன்றுதான் சரி. பள்ளிக்கூடத்தில் இதைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இடது கை இப்போதைக்குப் பரவாயில்லை, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அப்படியே நிற்கும் என்றார். வலது திரும்ப வருமா என்று பவுனு கேட்டாள். அவர் மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

டிசம்பர் 25, திங்கள். கிறிஸ்துமஸ்

சவரி வீட்டில் சாப்பாடு. சொல்லிவிடுவது என்று போனேன். சாப்பிடும்போது சொல்வது சரியில்லை. சாப்பிட்ட பிறகு அவன் மகள் குடும்பம் வந்துவிட்டது. கிளம்பும்போது வாசல்வரை வந்தான். அங்கே சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவன், "காணும் பொங்கலுக்கு நீதான்டா பிடிக்கணும். வேற எவன் பிடிச்சாலும் எனக்குக் கால் ஆடும்," என்றான்.

தெரிந்துகொண்டே சொல்கிறான். தானாகப் பூட்டும் வளையத்தை என் இடுப்பில் மாட்டிவிட்டு, தன் உசிரை இந்தக் கையிலேயே திரும்பக் கொடுக்கப் பார்க்கிறான்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரி 3, புதன்

விரலுக்கு வளையம் தெரியாவிட்டால் வேறு வளையம் வாங்கலாம். கயிறு ஓடும்போது உள்ளங்கையில் சூடு தெரியும். அதை வைத்துத்தான் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எப்போது இறுக்க வேண்டும் என்று கை முடிவு செய்யும். கொதிக்கிற எண்ணெய்க் கரண்டியே தெரியாத கைக்குக் கயிறு என்ன தெரியும்? அதற்கு எந்தக் கடையிலும் உபகரணம் இல்லை.

இதைத்தான் சவரி யோசிக்கவில்லை. இரும்பைப் பற்றி அவனுக்கு எப்போதுமே பாதிதான் தெரியும்.

ஜனவரி 7, ஞாயிறு

கூட்டம். என் தேர்வைப் படித்தேன். மூன்று அசைவு வகை. காரணம்: கயிறு உரசித் திறப்பதில்லை, காந்தம் இல்லை, பச்சைக் குண்டுமணியைவிடக் குழாய் பிடிக்க வாட்டம். குறை: சேறு போனால் ஸ்பிரிங் நிற்கும். வாரம் ஒருமுறை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, காயவைத்து, மாட்டும் முன் 'டப்' சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும். கேட்காத வளையத்தைத் தொடக் கூடாது.

"அருமைங்கய்யா," என்றார் யாஸ்மின்.

"இன்னும் முடியல. நவம்பர் மினிட்ஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு. அதை நிரப்பணும். எழுதிக்குங்க. அக்டோபர் பதினஞ்சு, ஏழாம் எண் வளையம். பூட்டாம விட்டது சோலைமலை."

"டேய்," என்றான் சவரி.

"அடுத்தது. சோலைமலை இனிமே யாருக்கும் கயிறு பிடிக்க மாட்டான்."

"டேய், யாருடா உன்னைக் கேட்டா?" எழுந்துவிட்டான். "அது என்னோட வளையம்னு சொன்னேன்ல? இடது கையில பிடி. வளையமும் மாத்தியாச்சு. அப்புறம் என்ன?"

"முறுக்குச் சட்டி ஞாபகம் இருக்கா?"

அவன் என் வலது கையைப் பார்த்தான்.

"பிடிக்க ரெண்டு கையும் வேணும்டா. கயிறு சுட்டாலும் வலதுக்குத் தெரியாது. நீ விழுறது கையில தெரியாம கண்ணுல பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அதுக்குள்ள நீ தரையில இருப்பே."

யாஸ்மின் பேனாவைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் பார்த்தார். எழுதுங்கள் என்று சொன்ன பிறகுதான் எழுதினார். என் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக எழுதினார். திருத்தச் சொன்னேன்.

சவரி என்னோடு கீழே இறங்கி வரவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

சவரி வரவில்லை. போனும் இல்லை. தினமும் மாத்திரை போடுகிறேன். பவுனு எண்ணிப் பார்க்கிறாள்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

சவரி மகளிடம் கரும்பு கொடுத்து அனுப்பியிருந்தான். ஒரு கட்டுக் கரும்பு, ஒரு வார்த்தைகூட இல்லை. பவுனு சர்க்கரைப் பொங்கலைப் பாத்திரத்தில் வைத்து அதே பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். எனக்கு ஒரு ஸ்பூன்தான்.

ஜனவரி 17, புதன். காணும் பொங்கல்

காலை ஆறரை மணிக்கு வாசலில் அவன் மொபெட் சத்தம்.

"ஏறு," என்றான்.

கோட்டான் பாறையில் யாஸ்மின் முன்பே வந்து புது வளையங்களோடு நின்றார். கயிறு பிடிக்கப்போவது அவர்தான். சவரி தன் இடுப்புப் பட்டையைக் கட்டினான். இரண்டு வளையங்களை எதிரெதிராக மாட்டினான். டப், டப். யாஸ்மின் வந்து அமுக்கிப் பார்க்கக் கை நீட்டினார். சவரி நகர்ந்து என் முன்னால் வந்து நின்றான்.

இடது கையால் இரண்டையும் அமுக்கினேன். பிறகு யாஸ்மினுடையதையும்.

"இரும்பு," என்றேன்.

சவரி ஏறினான். இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அவன் கிழக்குச் சுவர் ஏறுவதை முழுதாகப் பார்த்தேன். கயிறு பிடிக்கிறவன் கயிற்றையும் ஆளையும் பார்ப்பான், ஏறுவதைப் பார்க்க மாட்டான். நடுவில் ஒரு விரிசலில் காலை வைப்பதற்கு முன் இரண்டு தடவை கையால் தட்டிச் சத்தம் கேட்கிறான். இத்தனை வருடம் அது எனக்குத் தெரியாது. யாஸ்மின் நன்றாகவே பிடித்தார். இரண்டு இடத்தில் கயிற்றைத் தேவைக்கு மேல் தளரவிட்டார், சொன்னேன், சரிசெய்தார்.

இறங்கி வந்ததும் சவரி, "நீ ஏறு," என்றான்.

"நானா?"

"பிடிக்க மாட்டேன்னுதானே எழுதச் சொன்னே? ஏற மாட்டேன்னு எழுதலியே. நான் பிடிக்கிறேன்."

கமிட்டியில் எழுதச் சொன்னது அப்படித்தான். வளையங்கள் என் இடுப்பில் தானாகப் பூட்டிக்கொண்டன. என் விரலை எதுவும் கேட்கவில்லை. சவரி அமுக்கிப் பார்த்தான். "கல்லு," என்றான். தானாகப் பூட்டுவதை எதற்கு அமுக்குகிறாய் என்று கேட்டேன். "நான் அமுக்குறது அதுக்கில்ல," என்றான்.

உச்சிவரை போகவில்லை. முப்பதடி. வலது கை எதைப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. போதும் என்றேன், இறக்கினான்.

தரைக்கு வந்தபோது வளையத்தைத் திறக்க முடியவில்லை. தூக்கி, திருப்பி, தள்ள வேண்டும். வலது கை வழுக்கியது. இடது கை களைத்துவிட்டது, தூக்கினால் திருப்ப மறந்தது, திருப்பினால் தூக்க மறந்தது. குனிந்து நின்று மல்லுக்கட்டினேன். யாஸ்மின் மறுபக்கம் திரும்பிக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்.

சவரி ஒட்டி வந்து நின்றான். என் இடுப்பில் கை வைத்து இரண்டையும் திறந்தான். இந்த முறை எனக்குத் தெரியும்படியே செய்தான்.

டீக்கடையில் இரண்டு டீ குடித்தான். நான் சர்க்கரை இல்லாமல் ஒன்று.

ஜனவரி 18, வியாழன்

உபகரணப் பதிவேட்டில் பழைய வளையங்களை நீக்கி எழுதினேன். பதினாறு திருகு வளையங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், வாங்கிய வருடம், நீக்கக் காரணம். காரணத்துக்கு நான் அன்றே வகுத்து வைத்த நாலு சொற்கள் உண்டு: வெடிப்பு, துரு, தேய்மானம், உயரத்திலிருந்து விழுந்தது. பதினைந்து வளையங்களுக்கு 'கமிட்டி முடிவு' என்று ஐந்தாவதாக ஒன்று சேர்த்து எழுதினேன். அதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை, அதையும் ஓரத்தில் குறித்தேன்.

ஏழாம் எண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெடிப்பு இல்லை. துரு இல்லை. மரை புத்தம் புதிது மாதிரி இருக்கிறது. வளையத்தின் மேல் ஒரு குறையும் எழுத முடியாது.

காரணம் என்ற கட்டத்தில் 'கை' என்று எழுதினேன். இடது கையால் எழுதினேன், எழுத்து கோணல். ஆனால் படிக்க முடிகிறது.